ஜெர்சியா, காங்கயமா என்பது இரண்டாவது கேள்வி

கேள்வி: சென்னையிலிருந்து என் கணவரின் தாத்தா கட்டிய தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, அடுத்த தை மாதம் குடிபோகிறோம். வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில் இருக்கிறது. மூன்றரை ஏக்கர், அதில் ஒரு ஏக்கர் கொரங்காடு என்கிற பழைய மேய்ச்சல் காடு. ஒரு கிணறு. ஓட்டு வீடு, 9 வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. எனக்கு வீட்டிலிருந்தே வேலை, மாலை ஆறரைக்கு மேல் அமெரிக்க அழைப்புகள் இருக்கும். கணவர் வேலையை விடுகிறார். பிள்ளைகளுக்கு வயது 11, 8. பெரிய லாபமெல்லாம் எதிர்பார்க்கவில்லை, ஆசைக்கு ஒரு சின்னப் பண்ணை. 2 காங்கயம் பசு, 1 ஜெர்சி, 10 வெள்ளாடு, 50 நாட்டுக்கோழி, கொஞ்சம் வாத்து, தேனீப் பெட்டி, ஒரு ராஜபாளையம் நாய் என்று திட்டம். கொரங்காட்டை ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்து பழமரம் வைக்கலாம் என்றும் எண்ணம். எந்த மாடு நல்லது, எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது? அத்தைக்கு மட்டும் விருப்பமில்லை. 68 வயது. "வேற என்ன வேணும்னாலும் பண்ணுங்க, மாடு மட்டும் கட்டாதீங்க" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். சாளையின் படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: அம்மணி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எத்தனை மாடு, எத்தனை ஆடு, எத்தனை கோழி என்று தலையெண்ணிக்கை வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள், தண்ணீரைப் பற்றி "ஒரு கிணறு" என்பதோடு முடித்துவிட்டீர்கள். 31 வருடம் அரசுக் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்தவன் நான், அதில் பாதிக்கு மேல் உங்கள் சாளை இருக்கிற அந்த வறண்ட பக்கத்திலேயேதான். அந்த அனுபவத்தில் நேராகவே சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் மாடு வேண்டாம். உங்கள் அத்தை சொல்வது சரி. அவர் காரணம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார், அந்தத் தலைமுறைக்கு அது வழக்கமில்லை. காரணத்தை நான் சொல்கிறேன்.

முதலில் கிணறு. நீங்கள் அனுப்பிய படத்தில் சுற்றிலும் புல் பச்சையாக இருக்கிறது, தண்ணீர் கைக்கு எட்டுகிற மாதிரி நிற்கிறது. கார்த்திகை வாக்கில் எடுத்த படமாக இருக்கும். கார்த்திகையில் அந்தப் பக்கம் எல்லாக் கிணறும் அழகுதான். வருடத்துக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றி மழை பெய்கிற பூமி அது, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடும், அப்புறம் அடுத்த ஐப்பசி வரைக்கும் அந்தத் தண்ணீரைத்தான் ஓட்ட வேண்டும். அதனால் வீட்டுச் சாமான் கட்டுவதற்கு முன்னால் ஒரு சித்திரைக் கடைசியில் போய் நாலு நாள் அங்கே தங்குங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி எத்தனை அடி தண்ணீர் என்று பாருங்கள். மோட்டாரைப் போட்டு எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது, திரும்ப ஊற எத்தனை மணி நேரம் ஆகிறது, இரண்டையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பண்ணையின் அளவை முடிவு செய்யப் போவது அந்த இரண்டு எண்கள்தான், உங்கள் ஆசையும் இல்லை, என் ஆலோசனையும் இல்லை.

ஒரு பசுவுக்கு நாளைக்கு 50 லிட்டரைச் சுற்றித் தண்ணீர் காட்ட வேண்டும், கறவையில் இருக்கும் ஜெர்சி என்றால் வெயிலில் இன்னும் கூடும். ஆனால் குடிப்பது பெரிய செலவில்லை, தீவனம் வளர்ப்பதுதான் செலவு. ஒரு கலப்பினப் பசு நாளைக்கு 25, 30 கிலோ பசுந்தீவனம் தின்னும். கோ 4 கம்பு நேப்பியர் தீவனப்புல் ஏக்கருக்கு வருடம் 150 டன் கொடுக்கும் என்பது புத்தகக் கணக்கு. அதன்படி 10 சென்ட் இருந்தால் ஒரு மாடு தாராளமாகப் பிழைக்கும். ஆனால் அந்த 150 டன் என்பது வாரம் தவறாமல் தண்ணீர் பாய்கிற, எரு போட்ட நிலத்துக்கான கணக்கு. உங்கள் ஊரில் பங்குனிக்கு அப்புறம் வாரம் தவறாமல் தண்ணீர் பாய்ச்சுகிற தோட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதிப் பேர் சோளத்தட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

சோளம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வாடிப்போன இளஞ்சோளத்தையும், அறுத்த தூரிலிருந்து மழைக்குத் துளிர்க்கும் குருத்தையும் ஆடுமாடு மேய விட்டுவிடாதீர்கள். பூக்காத சோளத்தில், அதுவும் தண்ணீர் இல்லாமல் காய்ந்து நிற்கிற பயிரில், சயனைடு நஞ்சு சேர்ந்திருக்கும். வயிறு நிறையத் தின்ற மாடு, டாக்டரைக் கூப்பிடலாமா என்று நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் விழுந்துவிடும். பூத்த பிறகு அறுத்துப் போடுங்கள்.

கிணறு யார் பேரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். அந்தப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளில் பங்கு வைத்தவை நிறைய. தாத்தாவின் தம்பி மக்களுக்குப் பாதிப் பங்கு, முறை வைத்து இறைக்க வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரி இருந்தால் உங்கள் கணக்கெல்லாம் பாதியாகிவிடும். வண்டிப்பாதைக்கும் இதே பேச்சுதான், புல வரைபடத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கிணற்று மோட்டாருக்கு இருப்பது விவசாய இலவச மின்சாரமாக இருந்தால் அதிலிருந்து வயர் இழுத்து வீட்டுக்கு லைட் போடாதீர்கள். வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும்.

இனி வீடு. நான் கொத்தனார் இல்லை, பழைய வீட்டை எப்படிப் புதுப்பிப்பது என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் வீட்டு வேலைக்கும் மாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, அது கொத்தனாருக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். மேற்கிலிருந்து வரும் ஆடிக்காற்று அந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும், 9 வருடம் யாரும் மாற்றாத ஓட்டில் பாதி நழுவியிருக்கும், கரையான் தின்ற ரீப்பரை எல்லாம் மாற்றத்தான் வேண்டியிருக்கும். சரி, மாற்றுவீர்கள். அப்போது வாசல் முழுக்க ஆணியும், கட்டுக்கம்பித் துண்டும், உடைந்த கண்ணாடியும் சிதறும். ஆடு வாயால் பொறுக்கித் தின்னும், வேண்டாததைத் துப்பிவிடும். மாட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கிவிடும். விழுங்கிய ஒரு அங்குலக் கம்பி இரண்டாவது இரைப்பையில் போய் உட்காரும். அந்த இரைப்பைக்கும் இதயத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய தசைத் திரைதான். சினை மாடு வயிறு பெருக்கும்போதோ, கன்று போட முக்கும்போதோ அந்தக் கம்பி முன்னால் நகர்ந்து இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் குத்தும்.

அப்படி ஒரு மாட்டை நான் மறக்கவில்லை. புது வீடு கட்டிக் குடிபோன ஒரு குடும்பம், வீட்டோடு சேர்த்து ஒரு நல்ல மாட்டையும் வாங்கிக் கட்டியிருந்தார்கள். நான் போனபோது முன்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு நின்றது, மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்க மாட்டேன் என்றது, தாடையின் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்கியது. கழுத்து நரம்பு கயிறு கணக்காகப் புடைத்திருந்தது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் என்ன ஊசி போட்டும் பெரிதாகப் பலன் இருக்காது. வீட்டுக்காரம்மா, "தீனியில என்ன குறை வெச்சோம் சார்" என்று கேட்டார். தீனியில் ஒரு குறையும் இல்லை, கட்டுத்தரைக்குப் பக்கத்தில் கம்பி வேலை நடந்திருந்தது, அவ்வளவுதான்.

அதனால் வீட்டு வேலை முழுக்க முடிந்து, கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீஷியன் எல்லாரும் கணக்கு முடித்துப் போன பிறகுதான் எந்த மாடும் அந்த வாசலில் கால் வைக்கலாம். ஒரு பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் பிள்ளைகள் கையில் கொடுத்து வாசல் முழுக்க இழுக்கச் சொல்லுங்கள், எட்டு வயதுக்காரருக்கு ஒரு மாதம் பொழுது போகும், டப்பா டப்பாவாக ஆணி கிடைக்கும். பழைய கதவு, ஜன்னலில் சுரண்டிய பெயின்ட்டையும் கூட்டி அள்ளிப் பாதுகாப்பாக அப்புறப்படுத்துங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், கன்றுக்குட்டி நக்கும். பிள்ளைகள் கையிலும் படக் கூடாது. கரையான் மருந்து அடித்த மண்ணில் கோழி சீய்க்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. 9 வருடம் பூட்டிய ஓட்டு வீட்டில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பும் வரும். நான் பயமுறுத்தவில்லை, ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கேட்கிறேன்: தரையில் படுக்காதீர்கள். கிராமத்துக்குப் போகிறோம், பாய் போட்டுத் திண்ணையில் படுப்போம் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, தரையில் தூங்குகிறவர்களைத்தான் அது அதிகம் கடிக்கும், கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தானாகச் சொருகுவது என்று ஆரம்பிக்கும்போதுதான் தெரியும். கட்டில், கொசுவலை, வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுவது. இது போதும். கடித்துவிட்டால் கயிறு கட்டாமல், கீறாமல், மந்திரிக்கப் போகாமல் நேராக 108, அரசு மருத்துவமனை, விஷமுறிவு மருந்து.

இப்போது கொரங்காடு. இந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஜேசிபி விட்டுச் "சுத்தம்" செய்வதற்கு அது குப்பைமேடு இல்லை அம்மணி. கிளுவை வேலி போட்டு, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம் விட்டு, கீழே கொழுக்கட்டைப்புல்லை வளர்த்து, மழையை மட்டும் நம்பி ஆடுமாடு மேய்க்க உங்கள் தாத்தா தலைமுறை உண்டாக்கி வைத்த மேய்ச்சல் நிலம் அது. காங்கயம் மாடு என்று நீங்கள் ஆசைப்படுகிற மாடு உருவானதே அந்தக் கொரங்காட்டில்தான். கொழுக்கட்டைப்புல் கோடையில் காய்ந்து செத்த மாதிரி கிடக்கும், ஒரு மழை விழுந்தால் போதும், பத்து நாளில் தலை தூக்கும். வேறு எதுவும் முளைக்காத வெயில் காலத்தில் வெள்வேலங்காய் உதிரும், செம்மறிகள் அதற்காக மரத்தடியிலேயே நிற்கும். இதையெல்லாம் ஒரே நாளில் ஜேசிபியால் எடுத்துவிடலாம். திரும்ப உண்டாக்க ஒரு தலைமுறை வேண்டும். பழமரத்துக்கு மீதி இரண்டரை ஏக்கரில் இடமா இல்லை? கிணற்றுக்குப் பக்கத்தில் நாலு மா, நாலு கொய்யா, இரண்டு எலுமிச்சை, ஒரு நெல்லி வைத்தால் உங்கள் குடும்பத்துக்குத் தின்று தீராது. கிளுவை வேலியில் இடைவெளி விழுந்த இடங்களில் மட்டும் போத்து வெட்டி நட்டுச் சரி செய்யுங்கள்.

ஜெர்சி விஷயத்துக்கு வருகிறேன். ஆசைக்கு வளர்க்கிற மிருகம் இல்லை அது. நாளைக்கு 10 லிட்டர் கறக்கிறது என்று வையுங்கள். 2023 டிசம்பரில் ஆவின் ஊக்கத்தொகையோடு சேர்த்துப் பசும்பாலுக்கு 38 ரூபாய் என்று ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் 380 ரூபாய். உடம்பைக் காப்பாற்ற ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று கலப்புத் தீவனம் வைக்க வேண்டும், ஐந்தரைக் கிலோ ஆகிறது. கிலோ 28 ரூபாய் என்று வைத்தாலே 154 ரூபாய் போய்விடும். சோளத்தட்டு, தாது உப்பு, வைத்தியம், சினை ஊசி, கன்று போடுவதற்கு முன்னால் இரண்டு மாதம் பால் வற்ற விட்டுச் சும்மா தீனி போடுவது, இதையெல்லாம் கழித்தால் கையில் நிற்பது உங்கள் உழைப்புக்கான கூலி. அதுவும் ஆள் வைக்காமல் நீங்களே கறந்தால்.

கறப்பது எப்போது? காலை ஐந்துக்கு ஒரு தடவை, மாலை நாலரைக்கு ஒரு தடவை. பாலைச் சங்கத்தில் ஊற்றிப் பாத்திரம் கழுவி, சாணி அள்ளி, தட்டு போட்டு, தண்ணீர் காட்டி முடிக்க ஆறரை ஆகும். உங்கள் அமெரிக்க அழைப்பு எத்தனை மணிக்கு என்று சொன்னீர்கள்? கணவர் பார்த்துக்கொள்வார் என்பீர்கள். சரி, அவருக்குக் காய்ச்சல் வந்தால்? உங்கள் அம்மா வீட்டில் கல்யாணம் வந்தால்? ஒரு நாள் கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும், மடிநோய் வந்தால் ஒரு காம்பே போய்விடும், அந்த மாட்டின் கால்வாசிப் பால் போச்சு. வருடத்தில் 300 நாள் இரண்டு வேளையும் தவறாமல் அங்கே ஒரு ஆள் நிற்க வேண்டும். நோயால் பண்ணையை விட்டவர்களை விட, இந்த இரண்டு வேளையைத் தாங்க முடியாமல் மாட்டை விற்றுவிட்டு ஊர் திரும்பியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் அத்தை பயப்படுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். அவர் சின்ன வயதில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் மாலைக் கறவைக்குத் திரும்பி ஓடி வந்தவராக இருப்பார். கேட்டுப் பாருங்கள்.

நகரத்திலிருந்து வருகிறவர்களிடம் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன், பாசம் கொஞ்சம் அதிகம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எந்தக் கால்நடை மருந்தகத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், வாசலில் வரிசை நிற்கும். முந்தின நாள் கொம்புக்குப் பெயின்ட் அடித்து, மாலை போட்டு, வாய் கொள்ளாமல் பொங்கலை ஊட்டியிருப்பார்கள். வெல்லமும் அரிசியும் மொத்தமாக வயிற்றுக்குள் போனால் அங்கே புளித்து அமிலமாகிவிடும். மாடு அசை போடாது, வயிறு கல்லாட்டம் இருக்கும், கழிச்சல் புளிப்பு வாடை அடிக்கும், அடுத்த நாள் எழுந்திருக்காது. கல்யாண வீட்டு மிச்சச் சோறு, ரேஷன் அரிசி, புழு விழுந்த மாவு, எல்லாமே இதே கதைதான். ஆட்டுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மாட்டுப் பொங்கலுக்கு ஒரு கை பொங்கல், வாயில் தித்திப்பு ஒட்டுகிற அளவுக்குப் போதும், மீதியைப் பிள்ளைகள் சாப்பிடட்டும்.

சரி, மாடு இல்லையென்றால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். கோழியில் ஆரம்பியுங்கள். 50 வேண்டாம், 10 பெட்டை, 1 சேவல். நாட்டுக்கோழி வருடத்துக்கு 60, 70 முட்டைதான் இடும். இரண்டு கோழியை அடைக்கு வைத்து ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டால் 21 நாளில் குஞ்சு பொரித்து உங்கள் எண்ணிக்கை தானாகவே ஏறும். பிள்ளைகளுக்கு உயிர் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று ஒரே மாதத்தில் புரிந்துவிடும். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. ஒவ்வொரு பிப்ரவரியிலும் கால்நடைத் துறை முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறது, அந்தத் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு நோய் புகுந்தால் திங்கட்கிழமை 40 கோழி, வெள்ளிக்கிழமை 4 கோழி. குஞ்சுகளுக்குப் பகலில் பஞ்சாரக் கூடை வேண்டும், பருந்துக்கும் கீரிக்கும். இரவில் எல்லாவற்றுக்கும் நாலு பக்கமும், மேலேயும், அடியிலும் கம்பி வலை அடித்த கூண்டு. அடியில் வலை போடாமல் விட்டால் கீரி தோண்டிக்கொண்டு வந்துவிடும்.

வாத்துக்கு அந்த ஊரில் தண்ணீர் இல்லை, விட்டுவிடுங்கள். தேனீ நல்ல யோசனைதான், முருங்கை பூக்கிற சமயத்தில் ஒரு பெட்டி வையுங்கள், ஆனால் அது என் துறை இல்லை.

ஆறு மாதம் கோழி நிலைத்துவிட்டால் ஆட்டுக்குப் போகலாம். வெள்ளாடு வேண்டாம். பழமரம் வைக்கிற எண்ணம் இருக்கிறவர் வெள்ளாட்டை எப்படி யோசித்தீர்கள் என்றே தெரியவில்லை. பின்னங்காலில் நின்று கொய்யாக் கன்றின் குருத்தைக் கடித்துவிட்டு, நீங்கள் கம்பை எடுப்பதற்குள் எலுமிச்சைக்குப் போய்விடும். உங்களிடம் கொரங்காடு இருக்கிறது, அது செம்மறிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. மயிலம்பாடி, மேச்சேரி, இரண்டும் அந்தப் பக்கத்துக்குப் பழகிய செம்மறிகள். 4 பெட்டை வாங்குங்கள், கிடாய் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும், சொந்தக் கிடாய்க்கு இப்போது அவசியமில்லை. சினைக்காலம் 150 நாள். மழைக்கு முன்னால் துள்ளுமாரிக்கும், ஆட்டுக்கொல்லி நோய்க்கும், நீலநாக்குக்கும் என்னென்ன ஊசி எப்போது என்பதை உங்கள் ஊர் மருந்தக டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். போன முதல் வாரமே அவரைப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. மாடு விழுந்து கிடக்கும்போது முதல் தடவையாக அறிமுகம் செய்துகொள்ளாதீர்கள். ராத்திரி அவசரத்துக்கு அலைபேசியில் அவர் எண்ணும், கால்நடை ஆம்புலன்சுக்கு 1962ம் இருக்கட்டும்.

ஆட்டுக்கு இன்றைக்கு அந்தப் பக்கத்தில் பெரிய எதிரி நோய் இல்லை, தெருநாய். காங்கயம், வெள்ளகோவில் சுற்று வட்டாரத்தில் பட்டிக்குள் கூட்டமாகப் புகுந்து ஒரே இரவில் பத்து இருபது ஆட்டைக் கடித்துப் போட்டு, செத்த ஆட்டைச் சாலையில் வைத்து விவசாயிகள் மறியல் செய்யும் அளவுக்குப் போய்விட்டது. நாலு ஆட்டுக்குக்கூட ஐந்தடி உயரத்துக்குக் கம்பி வலையும் பூட்டுகிற கதவும் உள்ள பட்டி வேண்டும், அது இல்லாமல் ஆடு வாங்காதீர்கள்.

நாய் கண்டிப்பாக வேண்டும். ராஜபாளையம்தான் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பார்கள். அந்த வெள்ளைக் குட்டிகளில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, விற்கிறவர் அதைச் சொல்ல மாட்டார். குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், திரும்பாவிட்டால் வேண்டாம். என்னைக் கேட்டால் பக்கத்துத் தோட்டத்தில் போட்ட நாட்டு நாய்க்குட்டி ஒன்று போதும், வெயிலும் ஊரும் அதற்கு ஏற்கெனவே தெரியும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி தடுப்பூசி, அப்புறம் வருடா வருடம்.

இரண்டாம் வருடம், சித்திரையிலும் கிணறு தாங்கிவிட்டது, ஆடு குட்டி போட்டுவிட்டது, யாரும் சென்னைக்குத் திரும்பலாம் என்று பேசவில்லை என்றால், அப்போது ஒரு காங்கயம் பசு. ஒன்றே ஒன்று, கன்றோடு. நாளைக்கு இரண்டு லிட்டர், மிஞ்சினால் மூன்று லிட்டர் கறக்கும், உங்கள் வீட்டுக்கு அது போதும். கன்றை ஊட்ட விடாமல் பால் இறக்காது, அதனால் கன்று பக்கத்தில் இருந்தாக வேண்டும். இதில் ஒரு வசதியும் இருக்கிறது, ஒரு நாள் கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால் கன்றை அவிழ்த்து விட்டுவிட்டுப் போகலாம், கன்று குடித்துக்கொள்ளும். ஜெர்சி அந்த அளவுக்குச் சலுகை தராது.

எங்கே வாங்குவது? வெள்ளகோவில் பக்கத்தில் கண்ணபுரத்தில் சித்திரைத் தேருக்குக் கூடும் மாட்டுச் சந்தை காங்கயம் மாட்டுக்குப் பேர் போனது. முதல் தடவை கையில் பணம் இல்லாமல் போங்கள். நிறத்தில் மயிலை எது, காரி எது, செவலை எது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதை வேடிக்கை பாருங்கள். வாங்குவது சந்தையில் வேண்டாம், யாராவது வீட்டுக் கட்டுத்தரையில் நிற்கிற மாட்டை வாங்குங்கள். சந்தைக்கு வரும் மாட்டில் முந்தின வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது பழைய தந்திரம். அதனால் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து மூன்று வேளை கறந்து பாருங்கள், முதல் வேளையைக் கணக்கில் எடுக்காதீர்கள், அடுத்த இரண்டையும் கூட்டினால் வருவதுதான் ஒரு நாள் பால். இரண்டாம் ஈற்று மாடாக இருந்தால் நல்லது, தலைச்சன் மாட்டைப் புதிதாகக் கறக்கப் பழகுகிறவர் வாங்கினால் இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். நாலு காம்பிலும் தனித்தனியாக உள்ளங்கையில் பீய்ச்சிப் பாருங்கள், திரி திரியாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். காதில் 12 இலக்கத் தோடு இருக்கிறதா, கோமாரி ஊசி எப்போது போட்டது என்று கேளுங்கள். அப்புறம் மாட்டை நடக்க விட்டுப் பாருங்கள், ஒரு சிறிய பள்ளத்தில் இறக்கியும் பாருங்கள். ஏன் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். சென்னையில் இருக்கும்போதே காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நடத்தும் பயிற்சிகளுக்கு உங்கள் கணவர் போகட்டும். ஊருக்குப் போன பிறகு, யாராவது ஒரு பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேட்டு ஒரு மாதம் அவர் மாட்டைக் காலையும் மாலையும் கறக்கட்டும், சாணியும் அள்ளட்டும். முப்பதாம் நாளும் ஐந்து மணிக்குத் தானாக எழுந்து போனார் என்றால் எனக்கு எழுதுங்கள், ஜெர்சியைப் பற்றிக்கூட அப்புறம் பேசலாம்.

அத்தையிடம் மாடு வேண்டுமா வேண்டாமா என்று கேட்காதீர்கள், அதற்கு அவர் பதில் சொல்லிவிட்டார். அந்தத் தோட்டத்தில் என்னென்ன மாடு இருந்தது, எந்தக் கோடையில் கிணறு வற்றியது, அப்போது தீனிக்கு எங்கே போனார்கள், ஊற்று எந்த மூலையில் வரும் என்று கேளுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கேளுங்கள், பக்கத்தில் கணவரையும் உட்கார வையுங்கள். மறுபடியும் தானே சாணி அள்ள வேண்டி வருமோ என்ற பயமும் அவருக்கு இருக்கலாம். அது உங்கள் வேலை இல்லை அத்தை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் கிணற்றுச் சுவரின் வடக்குப் பக்கம், படிக்கு மேலே ஒரு அரசங்கன்று முளைத்திருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வேர் கல்லிடுக்கில் புகுந்துவிட்டால் அடுத்த பெருமழையில் அந்தச் சுவரே உள்ளே சரியும். தை மாதம் வரைக்கும் விட்டு வைக்காதீர்கள், பக்கத்துத் தோட்டத்தில் யாரிடமாவது சொல்லி இந்த வாரமே வேரோடு எடுக்கச் சொல்லுங்கள்.